சுருட்டி வைத்த வலப்பக்கம்

“தம்பி, மற்றவையின்ர பிள்ளையளுக்கெல்லாம் பிறப்பு எண்டு கிடக்கு, என்ர பிள்ளைக்கு மட்டும் மலர்வு எண்டு எழுதியிருக்கிறியள். வடிவாக் கிடக்கு” என்று வள்ளிநாயகி அக்கா சொன்னார். நான் சிரித்தேன். சிரிப்பு முகத்தில் நிற்கும்போதே அந்தச் சொல் காதில் திரும்ப விழுந்தது. மலர்வா? மலர்வு என்றா எழுதினேன்? தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறேன். அவருடைய மடியில், மரவளையத்துக்குள் இறுகிக் கிடந்த வெள்ளைத் துணியில், துஷ்யந்தன் என்ற பெயருக்குக் கீழே இடப்பக்கமாக, என் கை எழுதியதுதான், அதே சரிவு, லகரத்தின் வளைவில் அதே சின்னத் தடிப்பு. பாதிச் சொல்லுக்குச் சிவப்பு நூலும் ஏறிவிட்டது. இந்த ஊரில் மரண அறிவித்தல் பதாகை எழுதிப் பிழைக்கிறவன் நான். இடப்பக்கம் பிறந்த திகதிக்கு மலர்வு, வலப்பக்கம் இறந்த திகதிக்கு உதிர்வு. இரண்டுக்கும் நடுவில் படம். தூக்கத்தில் எழுப்பி எழுதச் சொன்னாலும் கை இதைத்தான் எழுதும். அப்படியென்றால் இடப்பக்கம் மலர்வு என்று எழுதிய கை வலப்பக்கம் என்ன எழுதியிருக்கும்? வலப்பக்கம் சுருட்டி, சுருளில் ஒரு ஊசி குத்தி, அக்காவின் முழங்கைக்குக் கீழே கிடந்தது. மண் படாமல் இருக்க அவரவர் பக்கத்தைச் சுருட்டி வைத்து, தைக்கத் தைக்கத்தான் விரிப்பார்கள். “ஓம் அக்கா, சும்மா வடிவுக்கு எழுதினது” என்றேன்.

வடிவுக்கு, அழகுக்காம். என்ன வாய் இது. இந்தத் துணி நாளைக் காலையில் இங்கிருந்து போகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் அம்மாமார் சேர்ந்து நடத்துகிற சங்கம் இது. பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை துணியைப் போட்டு, அதன் இரண்டு பக்கமும் அவர்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து எங்கேயோ பெரிய மனிதர்கள் கூடிக் கதைக்கிற மண்டபத்தில் இது தொங்கப்போகிறது. “கடதாசியில குடுத்தால் மடிச்சு மேசை லாச்சிக்க வைச்சிடுவினம். இதை மடிக்க ஒரு ஆள் காணாது” என்று சங்கத்துச் சுகிர்தா சொன்னார். பெயருக்குக் கீழே இடப்பக்கம் பிறப்பு, வலப்பக்கம் ‘கடைசியாகக் கண்டது’, அதன் பக்கத்தில் இடமும் திகதியும். இறப்பு என்ற சொல்லோ அதற்கு ஒன்றுவிட்ட உறவான எந்தச் சொல்லோ வரக்கூடாது. கறுப்பு நூல் வேண்டாம், சிவப்பு. வெள்ளைத் துணியே வேண்டாம் என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் பூசித்தான் சமாதானமானார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் உடுத்தப்போகிற புதுத்துணிக்குப் பூசுகிற மாதிரி. அவர்கள் பூசும்போது பக்கத்தில் நின்றவன் நான். உடுப்புக்குப் போடுகிற நீலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் எழுத்தை வரைந்து கொடுப்பது என் வேலை. அதன்மேல் அவர்கள் சங்கிலித் தையல் போடுவார்கள். முடிந்ததும் ஒருமுறை அலசினால் நீலம் போய்விடும், நூல் நிற்கும். தைக்காமல் விட்ட எழுத்து எழுதாத எழுத்து. ஊசி போகுமுன் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், எனக்கும் துணிக்கும் தவிர வேறு ஆருக்கும் தெரியாது. ஈரத்துணி என் காலடியில்தான் கிடக்கிறது. நீலம் மங்கின இடங்களைத் திருத்துவதற்கென்று என்னை இருக்கச் சொன்னதே சுகிர்தாதான். திருத்துவதற்கென்றே இருக்கிறேன், திருத்தாமல் இருக்கிறேன்.

ஒருவேளை வலப்பக்கம் போகும்போது கைக்குப் புத்தி வந்திருக்கலாம். வந்திருக்கும். நான் என்ன குடிகாரனா. துஷ்யந்தனின் பெயரை எழுதிய நேரத்தைப் பிடித்துக்கொண்டு வரப் பார்க்கிறேன், அது வழுக்குகிறது. அன்றைக்கு நான் பதாகை எழுதுகிற கொட்டிலில் இரண்டு துணி. ஒரு பக்கத்தில் இது. மறுபக்கத்தில், கொழும்பில் செத்துப்போன ஒரு தபாலதிபரின் பதாகை, அவருடைய மருமகன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமல் உறுமவிட்டுக்கொண்டு நின்றான். இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். தூரிகையை மட்டும் கழுவினேன். அந்தத் தபாலதிபருக்கு ‘கடைசியாகக் கண்டது’ என்று எழுதிவிடவில்லையே, அங்கே ஒரு பிழையும் விடவில்லையே, செத்தவருக்குச் சரியாகத்தானே எழுதினேன். துஷ்யந்தன் என்ற பெயரில் எனக்கு நினைவிருப்பது ஷகரம் மட்டும். அந்த எழுத்து லேசில் படியாது, கொஞ்சம் அசந்தால் கூன் விழுந்துவிடும். அன்றைக்கு ஒரே இழுப்பில் வந்தது. தள்ளி நின்று பார்த்தேன். தலையைச் சரித்தும் பார்த்தேன். என் மனிசியைக் கூப்பிட்டு, “இஞ்ச பாரும், இந்த ஷானாவை” என்று காட்டினேன். அவள் பார்த்தாள். “துஷ்யந்தன்… எங்கட நிரோஜனோட படிச்ச பெடியனெல்லோ” என்றாள். நான் எழுத்தைக் காட்டினேன், அவள் பிள்ளையைப் பார்த்தாள். அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை, ஷானாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனமுறை ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து சின்னத் துணி ஒன்றைப் படம் எடுத்துவிட்டு, எழுத்துகள் மிக அழகு என்று மொழிபெயர்க்கிறவரிடம் சொன்னாள். அதை இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தத் துணியில் இருந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயர். அந்தப் பெயரை இப்போது யோசிக்கிறேன், வரவில்லை. அதில் எழுதிய யகரம் வருகிறது.

காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. பார்க்கத் தேவையில்லை, இந்த நேரம் நிரோஜன்தான், நோர்வேயில் அவனுக்கு வேலை இடைவேளை. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். இந்த மண்டபத்தில் என் பிள்ளை என் தொடைக்குப் பக்கத்தில் அதிர்கிறான், சுற்றிவர இருக்கிறவர்களின் பிள்ளைகள் துணியில் கிடக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட வேறு சொல் இல்லை. என் வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நிரோஜனை நான் சண்டை முற்றுமுன்பே அனுப்பிவிட்டேன், எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். துஷ்யந்தனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். வள்ளிநாயகி அக்கா தன் மகனைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்தவர். சண்டை முடிந்த அந்தக் கடைசி நாளில், பாலம் தாண்டின இடத்தில், பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று ராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். “போட்டு வா அப்பன், நான் இதிலயே நிக்கிறன்” என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். இதை அழாமல் சொல்லுவார். அந்தப் பஸ்ஸின் நிறத்தைக்கூடச் சொல்லுவார். ஆனால் ‘இதிலயே நிக்கிறன்’ என்று சொன்ன இடத்தில் தன்னை நிற்க விடாமல் கலைத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் போய்விடும். அவன் திரும்பி வந்து தேடியிருந்தால் என்ன செய்வான் என்பார். தொலைபேசி அடங்கியது. பிறகு மறுபடி அதிர்ந்தது. எடுக்காவிட்டால் விடமாட்டான், என்னைப் போலப் பயந்தாங்கொள்ளி.

சொல்லிவிடலாம். ஒரு வசனம்தானே. அக்கா, அதில் ஒரு பிழை விட்டிட்டன், துடைச்சுத் தாறன். பழக்க தோஷம் என்றால் ஆருக்குத்தான் விளங்காது. ஆனால் பழக்கம் மட்டும்தானா? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். எத்தனை பெயர் எழுதினேன், எல்லாவற்றிலும் கை சரியாகத்தானே போனது. தெரிந்த பிள்ளை என்று வந்ததும் ஏன் வழுக்கியது? எனக்குத் தெரியும் ஏன் என்று. அவன் இல்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். அவன் மட்டுமில்லை, இந்தத் துணியில் இருக்கிற ஒருத்தரும் இல்லை. மஞ்சள் பூசும்போது வாய் ஓம் ஓம் என்றது, உள்ளே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு பாவம் இந்தச் சனங்கள் என்றான். அம்மாமார் பிள்ளைகளைக் கேட்டு வீதியில் கொட்டில் போட்டு வெயிலில் இருந்த நாளெல்லாம் அவ்வழியே சைக்கிளில் போய்வந்திருக்கிறேன். அவர்கள் ஏந்திய படங்களைப் பார்ப்பேன், எந்தப் படத்துக்கு எந்த அளவு எழுத்துப் பொருந்தும் என்று கண் தன்பாட்டில் அளக்கும். என் தொழில் அப்படி. உயிரோடு எதிரே வந்து சுகம் விசாரிக்கிறவர்களின் பெயரைக்கூட நடுவில் பிரித்து எழுதலாமா ஒரு வரியில் அடங்குமா என்று மனம் கணக்குப் போடும். வள்ளிநாயகி என்ற பெயர் ஒரு வரியில் அடங்கும். சீ. இதை நான் இவருக்கு எப்படிச் சொல்வேன்? பிழை விட்டேன் என்று சொன்னால் கையைக் காட்டிவிட்டு மனத்தை ஒளிக்கிறேன் என்றல்லவா ஆகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நான் கேலியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். “அக்கா, அந்தச் சுருளை ஒருக்காத் தாங்கோவன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “ஏன் தம்பி, நீலம் போயிட்டுதோ?” என்று கேட்டு அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது, நல்ல சந்தோசமான கண். மகனுக்கு மட்டும் வடிவான சொல் கிடைத்த சந்தோசம். “இல்லை, சும்மா பாப்பமெண்டு.” “வரட்டும், வரட்டும். அவிழ்த்தால் மண்ணில முட்டிப்போடும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். அவர் தடுத்ததில் எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது என்பதை நான் ஏன் மறைக்கவேண்டும்.

ஊசி பிறந்த திகதியைத் தாண்டியது. அவர் தலையைக் குனிந்து, தையல் வளையத்தில் மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்த யசிந்தா, மன்னார்ப் பக்கத்து மனிசி, மகளைத் தேடுகிறவர், ஏதோ மாதா பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். யன்னலுக்கு வெளியே ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அக்கா ஊசியை உருவி, சுருளை ஒரு முழம் விரித்து, வளையத்தை நகர்த்தி மறுபடி இறுக்கினார். நான் பார்த்தேன். எழுதியிருந்தேன். உதிர்வு. கொஞ்சமும் கூசாமல், ஒரே சீராக, மற்ற எந்தப் பெயரிலும் இல்லாத நேர்த்தியோடு எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு திகதிக்கென்று வெறும் இடம். தொழிலில் அப்படித்தான், மரணத் திகதியைக் கடைசியில்தான் போடுவோம், வீட்டுக்காரர் வந்து சரி என்று சொன்ன பிறகு. வளையத்துக்குள் முதல் எழுத்து மட்டும் முழுதாக விழுந்திருந்தது. அக்கா அதை விரலால் தடவினார். “பிள்ளையார் சுழியோ. நல்லது தம்பி” என்று சொல்லி ஊசியை ஏற்றினார். கள்ளனுக்குத் தேள் கொட்டியது போல நான் இருந்தேன். இப்போது சொல். இப்போது. அவர் அந்த உகரத்தின் தலையைச் சுற்றி வந்து, வாலை இழுத்து, அடுத்த எழுத்துக்குப் போனார். வளையத்தை நகர்த்தினார். தி. பிறகு ர். அவர் சொல்லாக வாசிக்கவில்லை, வளைவு வளைவாகப் போனார், எனக்கு ஷானா மட்டும் தெரிந்தது போல. என் வாய் திறந்திருந்தது. ஈரத்துணி கையில் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியாது, தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. வகரம் முடிந்தது. கோட்டையும் தைத்தார். கோட்டின் முடிவில் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வளையத்தைக் கழற்றினார். கண்ணாடியை மேலே தள்ளி, துணியைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்து, முதல்தரம் முழுவதுமாக வாசித்தார்.

அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அதற்குத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தேன். அவர் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “திகதி விட்டிருக்கிறியள்” என்றார். “அக்கா…” “பிறகு போடவெண்டு விட்டனீங்களோ?” நான் தலையை ஆட்டினேன், ஓம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியாது. அவர் கிட்ட நகர்ந்து வந்தார். “ஆரும் வந்து சொன்னவையோ தம்பி? உங்களிட்டத்தானே முதல் வருவினம். ஊரில ஆர் செத்தாலும் உங்களுக்குத்தானே முதல் தெரியும்.” அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. “இவ்வளவு காலமும் நான் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கேக்காத ஆள் இல்லை. இருக்கிறான் எண்டும் சொல்லமாட்டினம், இல்லை எண்டும் சொல்லமாட்டினம். நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கிறியள். மிச்சத்தையும் சொல்லுங்கோ. நான் ஒப்பாரி வைக்கமாட்டன். திகதி எண்டாலும் தெரிஞ்சால் காணும், ஒரு விளக்குக் கொளுத்தலாம்.” “இல்லையக்கா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. என்ர கை தன்ர பாட்டில எழுதிப்போட்டுது.” “கை தன்ர பாட்டில எழுதுமோ?” என்று கேட்டார். அது உண்மையாகவே கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, ஈரத்துணியை உள்ளங்கைக்குள் நசுக்கிக்கொண்டிருந்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று, தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறவர்களை அவர் பார்த்துப் பழகிய பார்வை.

அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். யசிந்தாதான் முதலில் எட்டி வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்து, ஊசியைப் பிடுங்கி, சுருளை அவிழ்த்தார். பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒருவர். பிறகு எல்லோரும். மண்ணில் முட்டுமே என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் பெயருக்குக் கீழே வலப்பக்கத்தைத் தேடினார். கடைசியாகக் கண்டது, கடைசியாகக் கண்டது, கடைசியாகக் கண்டது. அப்பாடா என்று மூச்சு விடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். யசிந்தா துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அக்கான்ர பிள்ளைக்கு எழுதியிருக்கிறியள், எங்கட பிள்ளைக்கு ஏன் தம்பி ஒண்டும் எழுதேல்லை?” என்றார். சுகிர்தா எழுந்து வந்து, பிழைதானே, சங்கிலித் தையல், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும், இரண்டு நிமிட வேலை என்றார். அவர் குனிந்து நூலைப் பிடிக்கப் போனார். வள்ளிநாயகி அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். கோட்டுக்கு அப்பால், திகதிக்கென்று நான் விட்ட வெறும் இடத்தில், ஊசியைக் குத்தி நிறுத்தினார். நூல் அதில் கோத்தபடியே இருந்தது. “இது இப்பிடியே கிடக்கட்டும்” என்றார் என்னைப் பார்த்து. “நூல் அறுக்கேல்லை. துணி காலமைதானே போகுது. நினைவு வந்தால் அதுக்கிடையில வந்து சொல்லுங்கோ.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வேறென்ன செய்வது, காலில் விழுவதா, விழுந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்றல்லவா நினைப்பார். செருப்பைத் தேடினேன், இடக்கால் செருப்பை வலக்காலில் போட்டேன். பை மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன். “அப்பா! எத்தினை தரம் எடுக்கிறது? ஏன் எடுக்கேல்லை? என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்” என்றான் நிரோஜன். ஒரு பின்னேரம். ஒரே ஒரு பின்னேரம் நான் பதில் சொல்லவில்லை, அவன் குரல் நடுங்கியது. “அப்பா? சொல்லுங்கோ. ஏன் பேசாம நிக்கிறியள்?” தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். பின்னால் கால்சத்தம் கேட்டது. வள்ளிநாயகி அக்கா வாசற்படிவரை வந்துவிட்டார், கண்ணாடி இன்னும் நெற்றியில், ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. என் காதில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். “ஆர் தம்பி? உங்களுக்குச் சொன்னவையோ? அதைப்பற்றியோ?” என்று கேட்டார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எந்தப் பொய் இதைவிட நல்லது என்று தேடினேன். “இல்லையக்கா” என்றேன். “என்ர மகன்.” அவர் கை நிலையிலிருந்து இறங்கியது. கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். “நிரோஜனோ” என்றார். “சுகமாயிருக்கிறானோ பிள்ளை? துஷ்யந்தன்ர அம்மா கேட்டதெண்டு சொல்லிவிடுங்கோ.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஊசி குத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். நான் அவர் கேட்டதை மகனுக்குச் சொன்னேன்.